மருமகளுக்கு என்று வாங்கிய மாத்திரை

ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில், தொழிற்சாலையின் கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனையை ஒட்டி ஒரு காலனி இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் கல்யாணமோ சீமந்தமோ வந்தால், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் கனகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். நாளும் நட்சத்திரமும் குருக்கள் பார்த்துக்கொள்வார். கனகம் பார்ப்பது வேறு கணக்கு. கல்யாணப் பெண்ணுக்கு எப்போது, பெண்ணைப் பெற்றவளுக்கு எப்போது, ஆரத்தி எடுக்க வேண்டிய நாத்தனாருக்கு எப்போது என்று விசாரித்து, கண்ணை மூடி யோசித்து, "பொண்ணுக்கு மாத்திரை நக்கோ, வேண்டியதில்லே, அது முன்னாடியே முடிஞ்சிடும். நாத்தனாருக்கு மட்டும் தள்ளிப் போட்டுக்கலாம்" என்பாள். எதையும் எழுதி வைத்ததில்லை. காலனிப் பெண்கள் எல்லோருடைய மாதவிலக்குத் தேதியும் அவள் மண்டைக்குள் இருந்தது. தள்ளிப்போடுகிற மாத்திரை, புருஷன் வேணுகோபாலின் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

"ஃபேக்டரியில நான் பார்த்தது என்ன புரொடக்‌ஷன் பிளானிங்? நம்ம வீட்டம்மா பார்க்குறாளே, அதுதான் பிளானிங்" என்று வேணுகோபால் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மெஷின் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

இந்தச் சாமர்த்தியம் கனகத்துக்குச் சும்மா வரவில்லை. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்கு மூத்தவள். தங்கை சாந்தாவின் கல்யாணத்துக்குப் புடவை எடுத்ததிலிருந்து சமையல்காரரோடு சண்டை போட்டது வரைக்கும் அவள்தான். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் வீட்டுக்குத் தூரமாகிவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் தேங்காய் மூட்டைகள் போட்டிருந்த அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். கெட்டி மேளச் சத்தத்தைக் கேட்டுத்தான் தங்கை கழுத்தில் தாலி ஏறியதைத் தெரிந்துகொண்டாள். ஒரு தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். பிறகு யாரோ ஒரு லேடி டாக்டர், இப்படி ஒரு மாத்திரை இருக்கிறதே, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். தனக்கு நடந்தது காலனியில் இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம். கடையில் கேட்கக் கூச்சப்படுகிற பெண்களுக்காகத் தானே போய் வாங்கி வந்து, கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்வாள். புதுமனை புகுவிழாவுக்கு ஒருத்தி, திருப்பதிப் பயணத்துக்கு ஒருத்தி, அக்கா பெண்ணுக்கு என்று கேட்டு வருகிற சுமலதா, இப்படி ஆள் வந்துகொண்டே இருக்கும்.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு நின்றுபோனது. மற்றவர்கள் உடம்பு எரிகிறது, தூக்கம் வரவில்லை என்று புலம்புவார்கள். கனகத்துக்கும் அதெல்லாம் இருந்தது. ஆனால் அவளுக்கு அது ஒரு பதவி உயர்வு மாதிரி வந்து சேர்ந்தது.

காலனிக் கோடியில் சின்னதாய் ஒரு முருகன் கோயில். பின்னால் தகரக் கொட்டகை போட்ட சமையலறை. மாதாமாதம் கிருத்திகைக்கு அங்கே பெரிய பித்தளை உருளியில் சர்க்கரைப் பொங்கல். கிருத்திகை எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியாதாகையால், தேதியே இல்லாத பெண்மணிதான் உருளிக்கு வேண்டும் என்பது கோயிலின் வழக்கம். செயலாளர் சுந்தரேசன் தேங்காய் பழத் தட்டோடு வீட்டுக்கே வந்தார்.

"கனகம்மா, இனிமே உருளி உங்க பொறுப்பு. உங்களுக்கு இனி லீவே கிடையாது, சொல்லிட்டேன்."

"லீவு யாருக்கு வேணும் சார்?" என்றாள் கனகம்.

அதுவரை அவள் பிறத்தியார் வீட்டு விசேஷங்களை நடத்திக் கொடுத்தவள். உருளி மட்டும்தான் அவளுக்கென்று வந்தது. பாசிப்பருப்பை எவ்வளவு வறுக்க வேண்டும், வெல்லப் பாகை எப்போது ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு ஒரு முறை உண்டு. லிங்கம்பள்ளியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து தொன்னையில் வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். ஆறு வருஷம் ஒரு கிருத்திகையைக்கூட அவள் விட்டதில்லை.

அப்புறம் ஓர் ஆடி மாதத்துக் காலையில், குளிக்கப் போனவள், உள்பாவாடையில் ஒரு கறையைப் பார்த்தாள்.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், லேசாகச் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பத்தேழு வயதில், சர்க்கரைக்கு மாத்திரை, முட்டிக்குத் தைலம் என்று ஆன பிறகு, மறுபடியும் வயசுக்கு வந்த மாதிரி! ஊறுகாய்க்கு வெயிலில் நின்ற சூடு என்று நினைத்துக்கொண்டு மோர் குடித்தாள். ரெண்டு நாளில் நின்றுவிட்டது. அடுத்த மாதம் கிருத்திகைக்கு முதல் நாள் மறுபடி பட்டது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. சுந்தரேசனுக்கு போன் பண்ணி, முட்டி வலி, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். சுமலதா உருளியைப் பிடித்தாள். பொங்கல் அபாரம் என்று வேணுகோபாலே ரெண்டு தொன்னை வாங்கிவந்து சாப்பிட்டார்.

"முந்திரி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கா. பரவால்லே, கை சுத்தம்" என்றார் மனுஷன், எதிரே இருப்பவள் முகத்தைப் பார்க்காமல்.

கனகம் உள்ளே போய்க் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள்.

மாத்திரை போட்டால் நின்றது. நிறுத்தினால் நாலைந்து நாளில் முன்னைவிட அதிகமாய் வந்தது. அப்படியானால் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருப்பதுதானே? ஊருக்கெல்லாம் தேதி தள்ளிக் கொடுத்தவளுக்குத் தன் தேதியைத் தள்ளத் தெரியாதா? யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் என்னவென்று சொல்வது? எனக்குத் திரும்ப வருகிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே உருளி கைமாறிவிடும். அது மட்டுமல்ல. மாத்திரையையும் மீறி ரெண்டு தடவை, பொங்கலைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே பட்டிருந்தது. அதைத்தான் சாமிக்குப் படைத்திருக்கிறாள். இதை வாய்விட்டு யாரிடம் சொல்வாள்?

கனடாவில் இருக்கிற மகள் ஸ்வீட்டி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, "அம்மா, ஏன் இப்படி வெளுத்துப் போய் இருக்கே? ரத்தம் டெஸ்ட் பண்ணினயா? நிஜமாச் சொல்லு" என்று பதறுவாள். தூரத்தில் இருக்கிறவளுக்கு எல்லாமே பதற்றம். கனகம் போனை விட்டத்துப் பக்கம் திருப்பி, "லைட்டு சரியில்லைடி, ஃபேனைப் பாரு, புதுசு" என்பாள்.

பஸ் திரும்புகிற முனையில் இருந்த மெடிக்கல் ஷாப் கிரியுடையது. வருஷக் கணக்காக அவனிடம்தான் வாங்குகிறாள். யாருக்கு என்று அவன் கேட்டதே இல்லை. ஐப்பசியில் ஒருநாள் கேட்டுவிட்டான்.

"ஆன்ட்டி, முன்னெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை வாங்குவீங்க. இப்ப வாராவாரம் வர்றீங்க. ஒரே ஆளுக்கா? இது இப்படித் தொடர்ந்து போடுற மாத்திரை இல்லையே."

கனகத்துக்கு நாக்கு நுனியில் வந்தது அதுதான். "மருமகளுக்குத்தான்பா. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

மருமகள் சாஹித்யா ஹப்சிகுடாவில் வளர்ந்த தெலுங்குப் பெண். கச்சிபௌலியில் வேலை. மகன் சாய்குமாரும் அவளும் மாடியில் இருந்தார்கள். சாப்பாடு எல்லாம் கீழேதான். மூன்று வருஷமாகக் குழந்தைக்கு முயற்சி நடக்கிறது. அம்மா வீட்டுப் பக்கத்தில் இருக்கிற லேடி டாக்டரிடம் மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அவள் பாட்டுக்குப் போய்வருவாள். கனகத்திடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கனகமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியில் சாஹித்யா குளியலறையிலிருந்து வெளியே வருகிற முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டில் அவளுக்குப் பிடித்த பெசரட்டு இருக்கும். இரண்டு பேரும் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

கார்த்திகை பிறந்த பிறகு, சாஹித்யா கீழே வந்து காப்பி குடிப்பதை நிறுத்தினாள்.

ஒருநாள் தலைவலி என்றாள். ஒருநாள் ஆபீஸில் குடித்துக்கொள்வேன் என்றாள். அப்புறம் மாடியில் அடுப்பு பற்றவைத்து அவளே சமைக்கத் தொடங்கினாள். சாம்பார் எடுத்துப்போய்க் கொடுத்தால் வாங்கி மேடையில் வைத்துவிட்டு, கனகம் படியிறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் அந்தச் சாம்பார் அப்படியே கழுவுத் தொட்டியில் கிடந்தது.

"என்னடா, உன் பொண்டாட்டிக்கு என் மேல என்ன கோபம்?" என்று மகனைக் கேட்டாள்.

"தெரியலேம்மா. எங்கிட்டயும் சரியாப் பேசமாட்டேங்குறா" என்றான் சாய்குமார்.

சனிக்கிழமை சாய்குமாரும் அப்பாவும் காய்கறிக்குப் போன நேரத்தில் சாஹித்யாவே இறங்கி வந்தாள். கனகம் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். சாஹித்யா உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"அத்தம்மா, நிஜம் செப்பண்டி. எனக்கு எதில கலந்து கொடுத்தீங்க? காப்பியிலா, சாம்பார்லயா?"

"என்னடி சொல்றே?"

"நான் மருந்து வாங்கப் போனேன். கிரி சொன்னான். 'அக்கா, ஒரு பக்கம் குழந்தைக்கு மருந்து, இன்னொரு பக்கம் பீரியட்ஸ் தள்ளுற மருந்து, ரெண்டும் சேர்த்துப் போடலாமான்னு டாக்டரை ஒருதரம் கேளுங்க'ன்னு. எந்த மருந்துன்னேன். அத்தம்மா வாராவாரம் எனக்காக வாங்கிட்டுப் போறாங்களாம்." குரல் உடைந்தது. "அந்த மாத்திரை போட்டா குழந்தை எப்படி நிக்கும், அத்தம்மா? நான் தெலுங்குக்காரின்னா? ஜாதி வேறன்னா? மூணு வருஷமா நான் அந்த டேபிள்ல படுத்து எழுந்திருக்கேன்."

கொத்தமல்லிக் கட்டு கனகத்தின் மடியிலிருந்து சரிந்தது. தப்பிக்க ஒரு வழி அவள் முன்னால் தயாராகத்தான் இருந்தது. 'காலனியில நாலு பேருக்குத்தான் வாங்குறேன், வாய் தவறி உன் பேரைச் சொல்லிட்டேன்' என்று சொன்னால் நம்பக்கூடியதாகத்தான் இருக்கும். ஊரறிந்த விஷயம்தானே. சொல்லவும் வாயெடுத்தாள். அப்போது சாஹித்யாவின் இடதுகை தன் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். யாரிடமிருந்து காப்பாற்ற அந்தக் கை அங்கே போயிற்று என்பது உறைத்ததும், வந்த பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எனக்குத்தான்டி" என்றாள் கனகம்.

"என்ன?"

"மாத்திரை எனக்கு. ஆடியிலேர்ந்து எனக்குப் படுது. நின்னது திரும்ப வந்துடுச்சு. உருளியை எடுத்துடுவாங்கன்னு... உன் பேரைச் சொன்னேன். சத்தியமா, அந்த முருகன் மேல ஆணையா, உன் தட்டுல நான் எதுவும் கலக்கலை."

சாஹித்யா நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. பிறகு கீழே உட்கார்ந்து, சிதறின கொத்தமல்லியைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "ஆடியிலிருந்தா? நாலு மாசமா?" என்றாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "பைத்தியமா அத்தம்மா உங்களுக்கு? என் தேதி உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி தேதி தெரியும். உங்களோடது இந்த வீட்டில யாருக்காவது தெரியுமா?"

கனகத்துக்கு முப்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

சாஹித்யா தன் லேடி டாக்டரிடமே அவளைக் கூட்டிப்போனாள். ஹப்சிகுடாவில் இருந்த அந்த டாக்டரின் பெயர் எமி. செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கனகத்தின் பேச்சில் 'ஆமாம்' என்பதற்கு ஒரு 'ஹவ்' விழுந்ததும், "ஆன்ட்டி நம்ம ஊர்தானா?" என்று சிரித்தார். கேள்விகள் கேட்கும்போது சிரிக்கவில்லை. எப்போது நின்றது, எப்போது திரும்பப் பட்டது, சர்க்கரை எவ்வளவு வருஷமாக, மாத்திரை எத்தனை நாளாக என்று நிதானமாகக் கேட்டார்.

"சூடுதானே டாக்டர்?" என்றாள் கனகம்.

"ஆன்ட்டி, நின்னு ஒரு வருஷம் தாண்டினப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது மாசாமாசம் வர்றது இல்லை. அது திரும்ப வராது. வந்தா வேற ஏதோ காரணம். பாதிப் பேருக்கு மேல சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா என்னன்னு பார்க்காம விடக் கூடாது."

உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேன் என்றார். கனகம் இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனாலும் அந்தக் குறுகலான மேசையில் ஏறி முட்டியை மடக்கிக் கிடந்தபோது, சாந்தா கல்யாணத்தில் அடைத்துவைத்த அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. தலைமாட்டில் சாஹித்யா நின்றாள்.

"மூச்சைப் பிடிக்காதீங்க அத்தம்மா. மெதுவா வெளியே விடுங்க. மேலே அந்த ஏசி இருக்கு பாருங்க, அதில இருக்கிற பட்டையை எண்ணுங்க. நான் அப்படித்தான் எண்ணுவேன். மொத்தம் எத்தனைன்னு எனக்கு மனப்பாடம்."

கனகம் எண்ணவில்லை. தலையைத் திருப்பி மருமகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இங்கே படுத்திருக்கும்போது இவள் தலைமாட்டில் யார் நின்றார்கள்? பெசரட்டு சுட்டு வைத்தால் ஆயிற்று என்று இருந்துவிட்டோமே.

கருப்பையின் உள்படலம் இருக்க வேண்டியதற்கு மேல் தடித்திருந்தது. அங்கிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று வேணுகோபாலும் கூட வந்தார். புற்று என்ற சொல்லை டாக்டர் எமி சுற்றி வளைக்காமல் சொன்னார். சொன்ன கையோடு, "ஆரம்பம்தான். பார்த்த வரைக்கும் கருப்பைக்குள்ளேயே இருக்கு, வெளியே போகலை. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நல்லாயிடும்னு நம்பறேன். எடுத்ததை டெஸ்ட் பண்ணினப்புறம்தான் முழுசாச் சொல்ல முடியும்" என்றார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். வேணுகோபால் அந்தத் தாளை நாலாய் எட்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே கையை வைத்திருந்தார். வழக்கமான கேலி ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை.

"இந்த மாத்திரையால வந்ததா டாக்டர்?" கனகத்துக்கு அது தெரிந்தாக வேண்டும். தனக்காக மட்டும் கேட்கவில்லை. எத்தனை பேர் கையில் கொடுத்திருக்கிறாள்!

"இல்லை ஆன்ட்டி. மாத்திரை இதைக் கொண்டுவரலை. மாசாமாசம் வர்ற வயசுல, டாக்டரைக் கேட்டு, ஒரு விசேஷத்துக்குத் தள்ளிப் போடுறது வேற. உங்களுக்கு உடம்பு நாலு மாசமாக் கூப்பிட்டுக்கிட்டிருந்தது. நீங்க அதோட வாயைப் பொத்திட்டீங்க. சர்க்கரை, உடம்பு பருமன்னு இருக்கிறவங்க இதைத் தொடர்ந்து போட்டா காலில் ரத்தம் கட்டிக்கிற ஆபத்தும் இருக்கு. இன்னையோட நிறுத்திடுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. கோயிலில் சுந்தரேசன் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனாள். உருளியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்டார். முட்டி வலி என்று சொல்லவில்லை.

"ரத்தம் பட்டுடுச்சு சார். கர்ப்பப்பையில வியாதி. ரெண்டு தடவை பொங்கல் கிண்டும்போதே பட்டுடுச்சு. சொல்லாம மறைச்சுப் படைச்சிட்டேன். பரிகாரம் ஏதாவது உண்டான்னு குருக்கள்கிட்ட நீங்கதான் கேக்கணும்."

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அந்தக் கண்ணாடியில் துடைக்க இனி எதுவும் இல்லை என்றான பிறகு சொன்னார்:

"போன வருஷம் எனக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்னாடி, கனகம்மா, நானும் சொட்டுச் சொட்டாத்தான் வேட்டி நனைஞ்சு சாமி முன்னால நின்னேன். மைக்குல வரவேற்புரை வாசிச்சேன். என்னை எந்த முருகன் தடுத்தான்? போங்க, நல்லபடியா ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாங்க. குருக்களை நான் பார்த்துக்கறேன்."

கனகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தூணில் சாய்ந்து, கொஞ்சம் அழுதே தீர்த்தாள். சுந்தரேசன் மணியடிக்கிற கயிற்றைப் பரிசோதிப்பது போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எடுத்ததைப் பரிசோதித்ததில், வெளியே பரவவில்லை, கீமோ ஊசியோ கரண்டு வைக்கிற ரேடியேஷனோ இப்போதைக்குத் தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டினால் போதும் என்றார்கள். ஸ்வீட்டி டிக்கெட் போட்டு வந்து, அழுது, ஆஸ்பத்திரி நர்சுகளோடு சண்டை போட்டு, திரும்பிப் போனாள். சாஹித்யா லீவு போட்டுக் கூட இருந்தாள். மாடி அடுப்பு மறுபடி அணைந்தது. மாமியாருக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து, முதல் வாயைத் தானே குடித்துக் காட்டி, "பாருங்க, நான் எதுவும் கலக்கலை" என்று ஒருநாள் சொன்னாள். கனகம் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாஹித்யாவுக்கு இன்னும் ஒன்றும் நிற்கவில்லை. இப்போது அந்தத் தேதி வரும் நாளில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் மத்தியானம் சாஹித்யா கண்ணாடிக் கூட்டை எடுத்துவந்து மீதி மாத்திரைகளைக் குப்பைப் பையில் கொட்டினாள். "இதை யார் யாருக்குக் கொடுத்தீங்க அத்தம்மா?" என்றாள்.

கனகம் கண்ணை மூடினாள். பழைய பழக்கம். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அவளுக்கு நாத்தனார் கல்யாணம். இவளுக்குக் கிரகப்பிரவேசம். இன்னொருத்திக்குத் திருப்பதி. ஒவ்வொரு மாத்திரையின் பின்னாலும் ஒரு விசேஷம் இருந்தது. சுமலதாவிடம் வந்ததும் கணக்கு இடித்தது. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருக்கிற அக்கா பெண்ணுக்கு என்று போன வருஷத்திலிருந்து வாங்கிப் போகிறாள். என்ன விசேஷம்? எந்த அக்கா பெண்ணுக்கு மாசாமாசம் விசேஷம் வருகிறது? கேட்டு வாங்கும்போது சுமலதா தரையைப் பார்த்தபடி, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டது கண்முன் வந்தது. கிரியின் கடையில் தான் முடிந்துகொண்டதும் வந்தது.

சுமலதாவுக்கு நின்று எவ்வளவோ வருஷம் ஆயிற்று. உருளி இப்போது அவளிடம்.

"சாஹி, காலையில காரை எடுக்குறியா? நாளைக்குக் கிருத்திகை, சுமலதா கோயில்ல இருப்பா. நமக்கு எப்படியும் ஹப்சிகுடா போகணும் இல்ல, எமி டாக்டர்கிட்ட தையல் காட்ட?"

மறுநாள் காலையில் தகரக் கொட்டகையில் சுமலதா உருளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நெய் மணத்தது. கனகம் மெல்ல நடந்து உள்ளே வருவதைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"வாக்கா. உடம்பு தேறிடுச்சா? அதுக்குள்ள வந்துட்டியே." கரண்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "செயலாளர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. உருளி திரும்ப உனக்குன்னா..."

"உருளி உங்கிட்டயே இருக்கட்டும் சுமா. என்னால ஒரு சொம்பு தூக்க முடியாது. நான் வந்தது உன் அக்கா பொண்ணைப் பத்திக் கேக்க."

"அவளுக்கென்ன? நல்லாத்தான் இருக்கா."

"இப்பவும் படுதா அவளுக்கு?"

கரண்டி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. "எதுக்கு அவளை இழுக்குறே? நீ கொடுத்தே, நான் கொடுத்தேன். முடிஞ்சு போச்சு."

"நானும் மருமகளுக்குத்தான்னு சொல்லி வாங்கினேன், சுமா" என்றாள் கனகம்.

சுமலதாவின் கரண்டி நின்றுவிட்டது. மூக்கின் மேல் வேர்வை அரும்பி நின்றது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாள்.

"எனக்கும் இருந்துச்சு. பாதிப் பேருக்கு மேல சின்ன விஷயம்தான்னு டாக்டரே சொன்னாங்க. உனக்கும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் பார்த்துடணும். சாஹித்யா வாசல்ல கார்ல இருக்கா. இப்பவே வா."

"இப்பவேவா? பொங்கல் பாதியில நிக்குது. சாமிக்கு நைவேத்தியம்... ஐயோ, அடிபிடிக்குது பாரு!"

அடிபிடிக்கிற வாடை நிஜமாகவே வந்தது. கனகத்தின் கை தன்னையறியாமல் கரண்டிக்குப் போனது. தையல் சுருக்கென்று இழுத்தது. கையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார்! சுந்தரேசன் சார்! கொஞ்சம் இங்கே வாங்க."

செயலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்கவில்லை. ரெண்டு பெண்களின் முகத்தைப் பார்த்தது அவருக்குப் போதுமாயிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, சுமலதா நீட்டின கரண்டியை வாங்கினார். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பொங்கல் கிண்டத் தொடங்கினார். ஒரு சுற்றிலேயே புகை கண்ணில் ஏறிவிட்டது.

சுமலதா கையைக் கழுவிக்கொண்டு, தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒருதரம் உருளியைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். கனகம் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். யார் யாரைத் தாங்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்ல முடியாது.

கார்க் கதவைத் திறக்கும்போது கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"கனகம்மா! இதை எவ்வளவு நேரம் கிண்டணும்?"

"கை வலிக்கும்போது கேளுங்க சார், சொல்றேன்" என்று கத்திவிட்டு, கனகம் கதவைச் சாத்தினாள்.